பாரம்பரிய நிலைகளைத் தற்காப்புக்குப் பழகுதல்: முழுமையான வழிகாட்டி

கராத்தே, குங்ஃபூ, களரிப்பயிற்று, சிலம்பம் என எதைப் பயின்றவராக இருந்தாலும், கால் நிலைகளைச் சில ஆண்டுகள் பழகிய ஒருவரை எதிர்பாராமல் மார்பில் கைவைத்துத் தள்ளினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. பழகியதெல்லாம் மறந்து, கால்கள் ஒட்டியபடி பின்னுக்குத் தடுமாறுகிறார். அல்லது வாக்குவாதம் தொடங்கியதுமே தாழ்ந்த நிலையில் இறங்கி, பிறகு அங்கிருந்து நகர முடியாமல் நிற்கிறார். நிலை என்பது காத்திருந்து நிற்பதற்கான இடம் என்று கற்றிருப்பதுதான் இரண்டுக்கும் காரணம். உண்மையில் அது, உடல் எடை ஒரு திசையில் போய்ச் சேர்ந்து பயன்படும் அந்த அரை நொடியின் வடிவம்.

கீழே உள்ள வரிசை, அடிப்படை நிலைகளை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கானது. படிகளை மாற்றிச் செய்தால் பயன் குறையும். குறிப்பாக இரண்டாம் படியைத் தாண்டிச் சென்றவர்கள் ஐந்தாம் படியில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

நான்கு பக்கமும் ஏறக்குறைய 3 மீட்டர் வெற்றிடம், தரையில் ஒட்டும் நாடா, அடிகளை வாங்கும் பயிற்சி மெத்தை ஒன்று, நேர்மையாகத் தள்ளவும் இழுக்கவும் கூடிய துணைவர் ஒருவர் ஆகியவை போதும். துணைவர் இல்லாமல் இரண்டாம் படிக்குச் செல்வதில் பொருள் இல்லை. காற்றில் நின்று பழகிய நிலை சரியா தவறா என்பதைத் தள்ளுகிற கைதான் சொல்லும்.

முதல் வாரம் வெறுங்காலில் பழகலாம். அதன் பிறகு அன்றாடம் வெளியே அணியும் காலணியோடும் உடையோடுமே பழக வேண்டும். வெறும் பாதம் தரையைப் பற்றும், விரல்கள் விரியும்; காலணியின் அடிப்பகுதியோ சில தரையில் வழுக்கும், சில தரையில் ஒட்டிக்கொண்டு பாதத்தைத் திரும்பவிடாது. பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் விழுகிறது. பயிற்சிக்கூடத்தில் எவ்வளவு சிறப்பாகச் செய்தவரும் இந்த மாற்றத்தின்போது சில நாள்கள் பின்தங்குவார், அது இயல்பு.

முழங்கால் வலி உள்ளவர்கள் எல்லா நிலைகளையும் உயரமாகவே செய்யலாம். இங்கே சொல்லப்படும் எதற்கும் தொடை தரைக்கு இணையாகத் தாழ வேண்டிய தேவை இல்லை. துணைவரோடு "போதும்" என்ற ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல் கேட்டவுடன் பிடி, தள்ளு, இழுப்பு எல்லாம் நின்றுவிட வேண்டும்.

2. ஒவ்வொரு நிலையின் பலவீனத் திசையைக் கண்டறிதல்

இரண்டு கால்களில் நிற்கும் எந்த நிலைக்கும் ஒரு வலுவான கோடும் ஒரு பலவீனமான கோடும் உண்டு. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் போக்கில் வரும் விசையை உடல் தாங்கும். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வரும் விசையைத் தாங்காது. உடலின் எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது; அது பாதங்கள் சூழ்ந்த பரப்புக்கு வெளியே போனவுடன் கால் எடுத்துவைத்தே ஆக வேண்டும், இல்லையேல் விழ வேண்டும்.

குதிரை நிலையில் (கால்களைப் பக்கவாட்டில் அகற்றி, முழங்கால்களை மடக்கி நிற்பது; கராத்தேயில் கிபா தாச்சி, சீனக் கலைகளில் மா பு) நின்று, துணைவரைத் தோளில் பக்கவாட்டாகத் தள்ளச் சொல்லுங்கள். அசையமாட்டீர்கள். அடுத்து மார்பில் இரண்டு விரலால் தள்ளச் சொல்லுங்கள், பின்னுக்குச் சாய்வீர்கள். வலிமைக்கு அடையாளமாகக் கருதப்படும் நிலை, நேர் எதிரே நிற்பவரிடம் எவ்வளவு எளிதாகத் தோற்கிறது என்பதை ஒருமுறை உடலால் உணர்ந்தவர், எதிராளியை நோக்கி மார்பைக் காட்டியபடி அந்த நிலையில் மறுபடி இறங்கமாட்டார்.

முன் நிலையிலும் (முன் கால் மடங்கி, பின் கால் நீண்டு நிற்பது; கராத்தேயில் ஜென்குட்சு தாச்சி, சீனத்தில் கோங் பு) இதே சோதனையைச் செய்ய வேண்டும். இடது கால் முன்னே இருந்தால், உங்கள் வலுவான கோடு முன்-இடதிலிருந்து பின்-வலது வரை ஓடுகிறது. முன்-வலது மூலையும் பின்-இடது மூலையும் காலியாக இருக்கின்றன. அந்த மூலைகளை நோக்கி இழுக்கப்பட்டால் உடனே கால் மாற்ற வேண்டும். இங்கே மிகப் பரவலான தவறு, இரண்டு பாதங்களையும் ஒரே நேர்கோட்டில், கயிற்றின் மேல் நடப்பவரைப் போல வைப்பது. அகலம் தோளளவாவது இருக்கட்டும். தரையில் நாடாவால் இரண்டு இணைகோடுகளைத் தோளகலத்தில் ஒட்டி, ஒரு பாதம் ஒரு கோட்டிலும் மறு பாதம் மறு கோட்டிலும் படும்படி முன்னும் பின்னும் நடந்து பழகினால் ஒரு வாரத்தில் இந்தத் தவறு மறையும்.

நீளமும் அப்படியே அளக்கப்பட வேண்டும். வகுப்பில் பயிலும் நீண்ட முன் நிலை கால் வலுவுக்கான பயிற்சி. தற்காப்புக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளம் போதும் என்பது என் அனுபவம். ஓரளவு பெரிய நடை எட்டு ஒன்று எடுத்துவைத்து அப்படியே நின்றால் கிடைக்கும் இடைவெளியே சரியானது. அந்த இடத்தில் நாடாவால் குறியிடுங்கள். அதைவிட நீண்டால், முன் காலைத் தூக்குவதற்கு முன் உடலைப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்பை எதிராளி பார்த்துவிடுவார்.

3. கைகள் உயர்ந்த இயல்பு நிலை

எல்லா நிலைகளும் இதிலிருந்தே புறப்பட வேண்டும், ஏனெனில் ஆபத்து வரும்போது நீங்கள் இப்படித்தான் நின்றிருப்பீர்கள். பாதங்கள் தோளகலத்தில், ஒரு கால் அரை எட்டு முன்னே, முழங்கால்கள் இறுகாமல், எடை இரண்டு கால்களிலும் ஏறத்தாழச் சமமாக. கைகள் இரண்டும் மார்பின் உயரத்தில், உள்ளங்கைகள் எதிரே தெரியும்படி, ஒருவரைச் சமாதானப்படுத்தும் பாவனையில் இருக்கட்டும்.

கைவிரல்களை முட்டியாக மடக்கிய காவல் நிலையை இந்த இடத்தில் தவிர்க்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முட்டி, எதிரே இருப்பவரின் கோபத்தைச் சண்டையாக மாற்றிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாம் நபரும் பின்னாளில் இருவரும் சண்டையிட்டார்கள் என்றே சொல்வார். திறந்த கைகளோ எதிராளியின் கைகளுக்கும் உங்கள் முகத்துக்கும் இடையே ஏற்கெனவே இருக்கின்றன. அங்கிருந்து தடுக்கவும் தள்ளவும் கூடுதல் நேரம் வேண்டியதில்லை.

இடைவெளி, உங்களைத் தொட எதிராளி ஓர் எட்டு எடுத்துவைத்தே ஆக வேண்டும் என்ற அளவில் இருக்கட்டும். அந்த எட்டுதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அவர் நெருங்கினால் அதே அளவு பின்வாங்கி, "தள்ளி நில்லுங்கள்" என்று உரக்கச் சொல்லிப் பழகுங்கள். பதற்றத்தில் இரண்டு சொற்களுக்கு மேல் வாயில் வராது. ஆகவே இரண்டு சொற்களையே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். உரக்கச் சொல்லும்போது மூச்சும் வெளியேறுவதால், தோள்கள் இறுகி உயர்ந்து நிற்பது குறையும்.

பின்வாங்கும்போது கால்களைக் குறுக்கே மாற்றிவைக்கக் கூடாது. முதலில் பின் கால் நகரும், பிறகு முன் கால் அதே அளவு தொடரும். பாதங்கள் ஒன்றையொன்று கடக்கும் நொடியில் பாதங்கள் சூழ்ந்த பரப்பு ஒரு பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அப்போது சிறு தள்ளும் போதும்.

4. தள்ளப்படும்போது முன் நிலை

முதலில் பழக வேண்டிய பயன்பாடு இதுவே, ஏனெனில் வாய்ச்சண்டை கைகலப்பாக மாறும்போது இரு கைகளால் மார்பில் தள்ளுவது மிகவும் பொதுவான தொடக்கம்.

துணைவர் தள்ள வருகிறார். உங்கள் வலது கால் நேர்ப் பின்னே போகாமல், பின்னும் வலப்புறமும் சாய்வாக எடுத்துவைக்கப்படுகிறது. உடல் வலப்பக்கம் திரும்புகிறது. இடது முன்கை அவருடைய கைகளை வெளியிலிருந்து உங்கள் வலப்புறமாக ஒதுக்கிவிடுகிறது. வலது பாதம் தரையில் படிந்த அதே கணத்தில் இடது முழங்கால் மடங்கி, எடை மீண்டும் முன்னே வருகிறது. இப்போது நிற்பது முன் நிலை. ஏறத்தாழ 60 விழுக்காடு எடை முன் காலிலும் 40 விழுக்காடு பின் காலிலும் இருக்கும்.

பின் கால் சாய்வாகப் போவதற்கான காரணம் இரண்டாம் படியில் உள்ளது. நேர்ப் பின்னே வைத்தால் பாதங்கள் ஒரே கோட்டில் வந்துவிடும், அவருடைய முழு விசையும் உங்கள் மார்பிலேயே விழும். சாய்வாக வைத்தால் அகலமும் கிடைக்கிறது, விசையும் உங்களைக் கடந்து போகிறது. தள்ளியவர் தன் விசையாலேயே சற்று முன்னே சரிகிறார்.

புதியவர்களிடம் இந்தப் படியில் காணும் பிழைகள் பல. பின் குதிகால் தூக்கிக்கொண்டிருந்தால் தரையிலிருந்து வரும் எதிர்விசை கணுக்காலிலேயே கரைந்துவிடும். தள்ளைத் தாங்கும் அந்த நேரத்தில் குதிகால் பதிந்திருக்க வேண்டும். பின் பாதம் முழுவதும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் இடுப்பு முன்னோக்கித் திறக்காது. விரல்கள் குறைந்தது பாதியளவாவது முன்னே பார்க்க வேண்டும். வகுப்பில் பின் முழங்காலை முழுக்க நீட்டி இறுக்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே அதை ஒரு விரல் அளவு தளர்த்துங்கள், ஏனெனில் இறுகிய முழங்காலின் மேல் பக்கவாட்டில் விழும் ஓர் உதை நீண்ட நாள் முடக்கிவிடும். முன் முழங்கால் உள்ளே சரியாமல், பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர் மேலே நிற்கட்டும்.

இன்னொரு பிழை கையில் இருக்கிறது. பல கலைகளில் ஒரு கை செயல்படும்போது மறு கை இடுப்புக்கு இழுக்கப்படுகிறது. வெறுங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவரின் முகத்தில் ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது. அந்தக் கை எதிராளியின் மணிக்கட்டையோ சட்டைக்கையையோ பிடித்து இழுக்கும்போது மட்டும் இடுப்புக்கு வரலாம். பிடிக்க எதுவும் இல்லையென்றால் அது முகத்தருகே இருக்கட்டும்.

தாங்குவது சரியானபின், அங்கிருந்தே தள்ளிவிடுவதைச் சேருங்கள். துணைவர் மெத்தையை மார்பில் அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். உங்கள் உள்ளங்கை மெத்தையில் பட்டபின் பின் குதிகால் தரையை அழுத்த, இடுப்பு திரும்ப, கை நீள வேண்டும். கை முதலில் நீண்டுவிட்டால் தோளின் பலம் மட்டுமே போய்ச் சேரும். இடப்பக்கமும் வலப்பக்கமும் தலா 20 முறை, நாளொன்றுக்கு அதற்கு மேல் வேண்டாம். களைத்த கால்கள் தவறான வடிவத்தையே மனப்பாடம் செய்யும்.

5. மணிக்கட்டுப் பிடிக்குக் குதிரை நிலை

குதிரை நிலைக்குத் தற்காப்பில் இடமே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அதை எதிராளிக்கு நேர் எதிரே வைத்துப் பார்த்தவர்கள்.

ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தன்பக்கம் இழுக்கிறார். இயல்பாக எல்லோரும் செய்வது, கையை மட்டும் பின்னுக்கு இழுப்பது. அப்போது அவருடைய முழு உடலோடு உங்கள் ஒற்றைக் கை போட்டியிடுகிறது. அதற்கு மாறாக, பிடிபட்ட கையின் பக்கத்துக் காலை அவரை நோக்கி அரை எட்டு எடுத்துவைத்து, உடலைப் பக்கவாட்டாகத் திருப்பி, ஒரு சாண் அளவு திடீரென இறங்குங்கள். இப்போது பாதங்களை இணைக்கும் கோடும் அவர் இழுக்கும் கோடும் ஒன்றாகிவிட்டன. முன்பு பக்கவாட்டுத் தள்ளலில் அசையாமல் நின்றீர்களே, அதே வலிமை இங்கே கிடைக்கிறது.

அவரை நோக்கி நகர்வது பலருக்கும் மனம் ஒப்பாத செயல். ஆனால் நெருங்கினால் அவருடைய முழங்கை மடங்கும், இழுப்பு தளரும். இறங்குவதும் மெதுவாக இருக்கக் கூடாது. மெதுவாக இறங்கினால் எடையை உங்கள் தொடைகளே ஏந்திக்கொள்ளும், சட்டென இறங்கினால்தான் அது அவருடைய பிடியின் மேல் விழும்.

இறங்கிய கணத்தில் விடுவிப்பு நடக்க வேண்டும். எந்தப் பிடியிலும் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே பலவீனமான வாசல். முன்கையின் மெல்லிய விளிம்பை அந்த வாசலுக்கு நேராகத் திருப்பி, முழங்கையை அவருடைய முன்கையை நோக்கிக் கொண்டுசென்று, இடுப்பைத் திருப்பியபடி கையை வெளியே எடுங்கள். வரிசை முக்கியம்: எட்டு, இறக்கம், கைத்திருப்பம், இடுப்பு. கை முந்திவிட்டால் அவர் விழிப்படைந்து இரண்டாவது கையையும் கொண்டுவருவார்.

இந்த நிலையில் முழங்கால்கள் உள்ளே சரிவதே பெரும் பிழை. பாதங்கள் முற்றிலும் இணையாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் கற்றிருக்கலாம். இடுப்பு மூட்டின் அமைப்பு அதற்கு இடம் தராதவர்கள் விரல்களைச் சற்று வெளியே திருப்பிக்கொள்வதால் எந்த இழப்பும் இல்லை. முழங்கால் எந்தத் திசை பார்க்கிறதோ விரலும் அந்தத் திசை பார்க்க வேண்டும், அவ்வளவே. உடல் முன்னே குனிந்து பிட்டம் பின்னே தள்ளிக்கொண்டு நிற்பது அடுத்த பிழை. அப்படி நிற்பவரைத் தலையைப் பிடித்துக் கீழே அழுத்துவது எளிது.

6. பின் நிலையும் பூனை நிலையும்

இவற்றை நீண்ட நேரம் பழகத் தேவையில்லை. பின் நிலையில் (கோகுட்சு தாச்சி) ஏறத்தாழ 70 விழுக்காடும், பூனை நிலையில் (நெக்கோ ஆஷி தாச்சி) 90 விழுக்காடும் எடை பின் காலில் இருக்கும். அதாவது முன் கால் வேலைக்குத் தயாராக இருக்கும். எதிராளி காலை நோக்கி உதைக்கும்போதும், முகத்தை நோக்கிக் கை வீசும்போதும் உடலைப் பின்னுக்கு எடுக்க இது உதவும். விடுபட்ட முன் காலால் அவருடைய கணைக்காலில் உதைக்கலாம்.

இடுப்புக்கு மேலே உதைப்பதைப் பழக வேண்டாம். பூனை நிலையில் நின்றபடி காத்திருக்கவும் வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்பவரை நேர்ப் பின்னே தள்ளிவிடலாம். எடையைப் பின்னே எடுத்தல், உதைத்தல், உதைத்த காலை முன்னே அல்லது பக்கவாட்டில் ஊன்றி இயல்பு நிலைக்கு வருதல் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் முடிய வேண்டும்.

7. சுவரோரம் நெருக்கப்படும்போது

பின்னே போக இடமில்லாதபோது நீண்ட நிலை எதுவும் பயன்படாது. கராத்தேயின் சான்சின் நிலை இதற்குப் பொருந்தும்: பாதங்கள் தோளகலம், முன் குதிகாலும் பின் பாதத்தின் விரல் நுனியும் ஒரே குறுக்குக் கோட்டில், விரல்கள் சற்று உள்நோக்கி, முழங்கைகள் விலாவோடு ஒட்டி. எல்லாத் திசைகளிலும் ஓரளவு தாங்கும் நிலை இது. எந்தத் திசையிலும் மிக வலுவானதல்ல.

முதுகைச் சுவரில் முழுக்கச் சாய்த்துவிடாமல் ஒரு கை அகலம் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்துவிட்டால் இடுப்பு திரும்பாது, தலையும் சுவரில் மோதக்கூடும். முன்கைகளால் முகத்தை மூடி, எதிராளியின் ஒரு முழங்கையை ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த முழங்கையின் வெளிப்பக்கமாக அரை எட்டில் நழுவி வெளியே வருவதே நோக்கம்.

8. நிலையிலிருந்து வெளியேறுதல்

வகுப்புகளில் மிகக் குறைவாகப் பயிலப்படுவது இது. தள்ளைத் தாங்கியோ பிடியை விடுவித்தோ ஆனபின் பயிலுநர் அதே நிலையில் உறைந்து, தன் வேலை முடிந்ததைப் போல நிற்கிறார். எதிராளிக்கு முடியவில்லை.

ஆகவே நான்கு முதல் ஏழு வரையுள்ள ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் கட்டாயமாக மூன்று செயல்களைச் சேருங்கள்: கைகளை உயர்த்தி இரண்டு எட்டு பின்வாங்குதல், தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்த்தல், திரும்பி விரைந்து செல்லுதல். பதற்றத்தில் பார்வை எதிரே உள்ள ஒருவர் மேலேயே குவிந்துவிடும். அவரோடு வந்த இரண்டாமவர் கண்ணில் படமாட்டார். தலையை வேண்டுமென்றே திருப்புவது அதற்கான மருந்து. தாக்குதல் நின்றபின்னும் தொடர்ந்து அடிப்பது தற்காப்பு என்ற எல்லையைத் தாண்டிவிடும் என்பதாலும் இந்த வெளியேற்றம் பயிற்சியின் பகுதியாக இருக்க வேண்டும்.

எதிராளியிடம் கத்தி இருந்தால் மேலே சொன்ன எந்த நிலையையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. பணம் கேட்டால் கொடுத்துவிட்டு விலகுங்கள். உயிரையே குறிவைத்தால், இடையில் ஒரு நாற்காலியையோ பையையோ வைத்து ஓடுவதற்கான வழியைத் தேடுங்கள்.

9. அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுதல்

ஒவ்வொரு பயன்பாடும் ஐந்து கட்டங்களில் கடினமாக வேண்டும். முதலில் துணைவர் எப்போது, எப்படித் தள்ளுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்து, எப்படி என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது. மூன்றாவதாக, தள்ளுவாரா பிடிப்பாரா என்பதும் தெரியாது. நான்காவதாக, அவர் உரக்கப் பேசிக்கொண்டே நெருங்குவார், நீங்களும் பதில் பேச வேண்டும். கடைசியாக, ஒரு நிமிடம் வேகமாக ஓடியபின், மூச்சு வாங்கும் நிலையில், கையில் ஒரு பையோடு இவற்றையே செய்ய வேண்டும்.

ஒரு கட்டத்தில் 10 முயற்சிகளில் 7 சரியாக வந்தால் மட்டுமே அடுத்ததற்குப் போகலாம். மூன்றாம் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரு சரிவு வரும்: நிலைகள் உயரமாகவும் குறுகலாகவும் கலைந்தும் தெரியும். அழகு போனதைப் பற்றிக் கவலை வேண்டாம். பாதங்களின் அகலம் இருக்கிறதா, குதிகால் பதிகிறதா, கைகள் முகத்தருகே இருக்கின்றனவா என்ற மூன்றை மட்டும் துணைவர் கவனித்துச் சொன்னால் போதும்.

ஈரமான தரையிலும், சரளைக்கல் மேலும், படிக்கட்டின் முதல் படியிலும் குறைந்த வேகத்தில் ஒருமுறையாவது செய்துபாருங்கள். வழுக்கும் தரையில் நிலையின் நீளத்தை இன்னும் குறைத்து, பாதத்தைத் தேய்க்காமல் தட்டையாக ஊன்ற வேண்டும். படிக்கட்டில் நிலை எதுவும் சரிவராது. ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சமதளத்துக்கு வருவதே அங்கு முதல் வேலை.

மாதம் ஒருமுறை இரண்டாம் படியின் நாடாக் குறிகளுக்குத் திரும்பி, இயல்பாக எட்டு வைத்து நின்று, பாதங்கள் குறியில் விழுகின்றனவா என்று பாருங்கள். கால்கள் வலுவாக வலுவாக, நிலை தானாகவே மீண்டும் நீளத் தொடங்கியிருக்கும்.